திரையின் காது: இந்தித் திரைப்படத்தில் சிறுபான்மையர் பேசிய மொழி

1931 மார்ச் 14 அன்று பம்பாயின் மெஜஸ்டிக் திரையரங்கில் 'ஆலம் ஆரா' வெளியானபோது இந்தியத் திரை முதன்முறையாகப் பேசியது. இயக்கிய அர்தேஷிர் இரானி ஒரு பார்சி. படத்தின் தலைப்பு பாரசீகச் சொற்றொடர். கதை பார்சி நாடகமேடையிலிருந்து வந்தது. பக்கிரி வேடத்தில் அதன் முதல் பாடலைப் பாடியவர் டபிள்யூ. எம். கான். அதே ஆண்டு அக்டோபரில் இரானியின் இம்பீரியல் நிறுவனம் வெளியிட்ட 'காளிதாஸ்' படத்தில் ஒரு பாத்திரம் தமிழில் பேச, இன்னொன்று தெலுங்கில் மறுமொழி சொன்னது. மௌனப்படக் காலத்தில் எழாத ஒரு வினா அவ்வாண்டில் எழுந்தது: திரையில் தோன்றுபவர் எந்த மொழியில், யாருடைய ஒலிப்பில் பேசுவார்?

இந்த வினாவின் முதல் தாக்கம் சிறுபான்மைச் சமூகங்களைச் சேர்ந்த நடிகையர் மீது விழுந்தது. மௌனப்படங்களின் பெரும் நட்சத்திரமான சுலோசனாவின் இயற்பெயர் ரூபி மையர்ஸ். அவர் பாக்தாதி யூதக் குடும்பத்தவர். 1925இல் வெளியான 'பிரேம் சன்யாஸ்' படத்தில் யசோதரையாக நடித்த சீதா தேவி, ரெனி ஸ்மித் என்னும் ஆங்கிலோ-இந்தியப் பெண். ஒலி இல்லாதவரை இவர்கள் எந்த மதத்து நாயகியாகவும் எந்தத் தடையுமின்றி உலவ முடிந்தது. ஒலி வந்ததும் சுலோசனா இந்துஸ்தானி பயின்று திரும்ப வேண்டியிருந்தது. முகம் தராத அடையாளத்தை நாக்கு தரத் தொடங்கியது. சிறுபான்மையர் சித்திரிப்பின் வரலாற்றைத் தொப்பி, தாடி, சிலுவை, பர்தா ஆகிய காட்சிக் குறிகளின் வரலாறாக மட்டும் எழுதுவோர் இந்தத் திருப்பத்தைத் தவறவிடுகின்றனர்.

கோட்பாடு எங்கே உதவுகிறது?

எட்வர்ட் செய்த் 1978இல் வெளியிட்ட கீழைத்தேயவியல் குறித்த நூல், பிறரைச் சித்திரிப்பது என்பது அவரைத் தவறாக வரைவது மட்டுமன்று, அவர் சார்பில் பேசும் உரிமையை எடுத்துக்கொள்வதுமாகும் என்பதை நிறுவியது. ஹோமி பாபா 1983இல் எழுதிய கட்டுரையில் வார்ப்புருவின் உள்முரணைச் சுட்டினார்: எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த ஒன்றாகக் கருதப்படும் வார்ப்புரு, ஒரு பதற்றத்துடன் மீண்டும் மீண்டும் சொல்லப்பட வேண்டியதாகவும் இருக்கிறது. அதே ஆண்டில் ராபர்ட் ஸ்டாமும் லூயிஸ் ஸ்பென்ஸும் திரைப்பட ஆய்வாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தனர். நல்ல பிம்பம் எத்தனை, கெட்ட பிம்பம் எத்தனை என்று எண்ணுவதோடு நின்றுவிடலாகாது. காட்சி யாருடைய நோக்குநிலையில் அமைகிறது, பார்வையாளர் எங்கே நிறுத்தப்படுகிறார் என்பவற்றையும் கேட்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

இவர்களுக்கெல்லாம் முன்னரே, 1952இல், ஃபிரான்ஸ் ஃபானோன் தம் முதல் நூலின் முதல் இயலை மொழிக்கு ஒதுக்கினார். காலனிய ஆட்சியில் ஒருவரது மதிப்பு, ஆள்வோரின் மொழியை அவர் எவ்வளவு பிழையின்றிப் பேசுகிறார் என்பதால் அளக்கப்படுகிறது என்பது அவரது அவதானிப்பு. மொழியியலர் ஜூடித் இர்வைனும் சூசன் காலும் 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு பகுப்பாய்வுக் கருவியைத் தருகிறது. ஒரு பேச்சுக்கூறு ஒரு சமூகத்தின் இயல்பையே காட்டும் படிமமாக்கப்படுகிறது. ஒரு மட்டத்தில் வகுக்கப்பட்ட வேறுபாடு பிற மட்டங்களிலும் மறுபடி வரையப்படுகிறது. அந்தப் படிமத்துக்குப் பொருந்தாத பேச்சுகள் கண்ணிலிருந்து அழிக்கப்படுகின்றன. இந்தித் திரையின் வரலாற்றில் இம்மூன்றும் நடந்தேறின.

காலனியம் வரைந்த மொழிவரைபடம்

உருது முஸ்லிம்களின் மொழி, இந்தி இந்துக்களின் மொழி என்ற சமன்பாடு இன்று இயற்கை போலத் தோன்றுகிறது. அதன் வயது அதிகமில்லை. அன்றாடப் பேச்சில் இரண்டின் வினைத்திரிபும் வேற்றுமை உருபுகளும் தொடரமைப்பும் ஒன்றே. எழுத்து முறையிலும் உயர்வழக்குச் சொற்களிலுமே பிரிவு தெரிகிறது. 1800இல் கல்கத்தாவில் நிறுவப்பட்ட வில்லியம் கோட்டைக் கல்லூரியில், ஜான் கில்கிறிஸ்ட் காலத்தில், ஒரே பேச்சுவழக்கின் மேல் இருவேறு உரைநடைகள் பாடநூல்களுக்காக எழுதப்பட்டன. 1837க்குப் பின் நீதிமன்றங்களில் பாரசீகத்தின் இடத்துக்கு வட்டார மொழிகள் வந்தபோது, எந்த எழுத்து என்ற போட்டி அரசுப் பணிகளுக்கான போட்டியாகவும் மாறியது. 1900இல் வடமேற்கு மாகாணங்கள், அவத் ஆகியவற்றின் துணைநிலை ஆளுநர் அந்தோனி மெக்டோனல் நீதிமன்றங்களில் நாகரி எழுத்தை அனுமதித்தார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழிக் கட்டமும் மதக் கட்டமும் இந்தப் பிரிவைப் பத்தாண்டுக்கு ஒருமுறை உறுதிசெய்தன. 1949 செப்டம்பர் 14 அன்று அரசமைப்பு அவை நாகரி எழுத்திலான இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக்கியபோது, காந்தி பரிந்துரைத்த இருஎழுத்து இந்துஸ்தானி தோற்றிருந்தது.

ஆயினும் பம்பாய்த் திரை இந்த வரைபடத்துக்கு நெடுங்காலம் பணியவில்லை. 'மதர் இந்தியா'வில் (1957) இந்து உழவர் பெண் ராதா பேசும் வசனங்களை எழுதியவர்கள் வஜாகத் மிர்சாவும் எஸ். அலி ராசாவும். அதே வஜாகத் மிர்சா 'முகல்-ஏ-ஆசம்' (1960) வசனக் குழுவிலும் இருந்தார். 'தேவதாஸ்' (1955), 'மதுமதி' (1958) ஆகியவற்றின் வசனகர்த்தா ராஜிந்தர் சிங் பேதி, உருதுவில் எழுதிய சீக்கியர். படத்தின் பெயர் உரோமன், நாகரி, உருது ஆகிய மூன்று எழுத்துகளில் திரையில் தோன்றுவது வழக்கமாயிருந்தது. காதலையும் பிரிவையும் நீதியையும் பேச எல்லா மதத்துப் பாத்திரங்களும் ஒரே சொற்களஞ்சியத்தை நாடினர். முகுல் கேசவன் 1994இல் எழுதிய கட்டுரை, இந்தித் திரையின் வேர்கள் எவ்வளவு ஆழமாக உருதுப் பண்பாட்டில் ஊன்றியவை என்பதை விரித்துரைக்கிறது.

தொலைக்காட்சிக் காலத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 1988 முதல் 1990 வரை தூர்தர்ஷனில் ஒளிபரப்பான பி. ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' தொடர், வடமொழிச் சொற்கள் செறிந்த இந்தியை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. அந்த வசனங்களை எழுதியவர் ராஹி மாசூம் ராசா. காஜிப்பூர்க்காரர், அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் உருது கற்பித்தவர். பேச்சுக்கும் பிறப்புக்கும் இடையே காலனியம் கட்டிய முடிச்சு எவ்வளவு தளர்வானது என்பதை இந்த ஒரு பெயரே உணர்த்தும்.

பொதுமொழி உடையான கதை

முடிச்சு இறுகிய வரலாறு 'முஸ்லிம் சமூகப்படம்' என்று அழைக்கப்பட்ட வகைமைக்குள் நடந்தது. 'சௌதவீன் கா சாந்த்' (1960), 'மேரே மெஹபூப்' (1963), 'பாக்கீஜா' (1972) போன்றவை நவாபு மாளிகைகளையும் கவிஞர்களையும் கணிகையரையும் காட்டின. இப்படங்கள் எவரையும் இழிவுபடுத்தவில்லை, மாறாகப் போற்றின. சிக்கல் அந்தப் போற்றுதலுக்குள்ளேயே இருந்தது. அலங்கார உருது முஸ்லிமின் இயல்பு என்னும் படிமம் அங்கே உருவாயிற்று. வங்காள முஸ்லிம் உழவரின் வங்காளமும், மலபார் மாப்பிள்ளைகளின் மலையாளமும், பம்பாய் ஆலைத்தொழிலாளரின் கலப்புப் பேச்சும் அந்தப் படிமத்தில் இடம்பெறாமல் அழிந்தன. மறுபுறம், பிற படங்களின் வசனத்தில் உருதுச் சொற்கள் படிப்படியாகக் குறைந்தபோது, எஞ்சியவை முஸ்லிம் பாத்திரங்களுக்கே உரியனவாயின. எல்லோரும் குடித்த ஆற்றுநீர் ஒரு வீட்டுக் கிணற்றுநீராக மாறிய கதை இது.

விலக்குகள் இருந்தன. மைசூரில் பிறந்த எம். எஸ். சத்யு இயக்கிய 'கர்ம் ஹவா' ஒரு கவிஞரையோ நவாபையோ நாடவில்லை. ஆக்ராவின் காலணி உற்பத்தியாளர் சலீம் மிர்சாவை மையமாக்கியது. மூலக்கதை இஸ்மத் சுக்தாயுடையது; திரைக்கதை கைஃபி ஆஸ்மியும் ஷமா சைதியும் எழுதியது. பிரிவினைக்குப் பின் அந்த மனிதருக்கு வங்கிக் கடன் மறுக்கப்படுகிறது, வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. அவர் பேசுவது உருதுதான். ஆனால் அது அழகுப்பொருளாகக் காட்டப்படுவதில்லை. கணக்குப் பார்க்கவும் கடன் கேட்கவும் பயன்படும் வீட்டுமொழியாக வருகிறது. தணிக்கை அனுமதிக்காகப் படம் மாதக்கணக்கில் காத்திருந்தது. சலீம் மிர்சாவாக நடித்த பல்ராஜ் சாஹ்னி 1973 ஏப்ரலில், படம் வெளிவருமுன்னரே காலமானார். அனுமதிக்கக் காத்திருக்க வைக்கப்பட்ட அதே படம் பின்னர் தேசிய ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருதையும் பெற்றது.

கால்நூற்றாண்டு கழித்து 'சர்ஃபரோஷ்' (1999) வெளியானபோது உருதுவின் இடம் தலைகீழாகியிருந்தது. இப்படத்தின் வில்லன் குல்பாம் ஹசன் ஒரு பாகிஸ்தானிய கசல் பாடகர். மெல்லிய உச்சரிப்பும் கவிநயமும் ஆயுதக் கடத்தலுக்கான திரையாகின்றன. கசலை நேசிக்கும் காவல் அதிகாரியின் காது ஏமாந்துபோனது என்பதே கதையின் அதிர்ச்சி. அழகின் படிமம் ஐயத்தின் படிமமாக மாற, அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. முப்பதாண்டுகளாக அந்தப் பேச்சு ஒரு சமூகத்தோடு மட்டும் பிணைக்கப்பட்டிருந்ததே போதுமானதாயிற்று. அதே படத்தின் ஆய்வாளர் சலீம் தம் விசுவாசத்தைச் செயலால் மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. அவருடன் பணிபுரியும் பிறரிடம் அந்த மெய்ப்பு கோரப்படுவதில்லை. ஒரு முஸ்லிம் இந்தியராக இருக்க முடியுமா என்று ஞானேந்திர பாண்டே அதே 1999இல் ஒரு கட்டுரைக்குத் தலைப்பிட்டது இத்தகைய கோரிக்கையைத்தான்.

உடைந்த இந்தியின் கிறித்தவர்

கிறித்தவரும் ஆங்கிலோ-இந்தியரும் வேறொரு வழியில் குறிக்கப்பட்டனர். 'பாபி' (1973) படத்தின் ஜாக் பிரகன்சா, 'அமர் அக்பர் அந்தோனி'யின் (1977) அந்தோனி கொன்சால்வஸ் ஆகியோர் பால்விகுதி பிறழ்ந்த, ஆங்கிலம் தூவிய இந்தியைப் பேசினர்; மது அவர்களோடு இணைபிரியாமல் வந்தது. ரூபி, மோனிகா போன்ற பெயர்கள் இரவுவிடுதி நடனக்காரிகளுக்கு ஒதுக்கப்பட்டன. அந்த வேடங்களை ஏற்ற ஹெலன், போர்க்காலத்தில் பர்மாவிலிருந்து அகதியாக வந்தவர்.

ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தை மையமாகக் கொண்ட 'ஜூலி' (1975), மலையாளத்தில் கே. எஸ். சேதுமாதவன் முந்தைய ஆண்டு எடுத்த 'சட்டக்காரி'யின் இந்தி வடிவம். அதில் இங்கிலாந்தை எண்ணி ஏங்கும் தாயாக நடித்தவர் நாதிரா. அவரும் பாக்தாதி யூதர். ஒரு சிறுபான்மையின் வேடம் இன்னொரு சிறுபான்மைக்குக் கைமாறியது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு சமூகம், திரையில் பிழையான இந்தியின் சமூகமாக மட்டும் அறியப்பட்டது. அவர்களது சொந்த மொழியிலேயே அவர்களைக் கேட்க அபர்ணா சென்னின் '36 சௌரங்கி லேன்' (1981) வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தோனி கொன்சால்வஸ் என்ற பெயரின் வரலாறு இங்கே கவனத்துக்குரியது. அது கோவாவைச் சேர்ந்த ஒரு வயலின் கலைஞரின் பெயர். இசையமைப்பாளர் இணையரில் ஒருவரான பியாரேலாலின் ஆசான் அவர். ஆசானுக்கு மரியாதையாகவே அந்தப் பெயர் பாத்திரத்துக்கு வந்தது. இந்தித் திரையிசையின் பொற்காலம் என்று போற்றப்படும் ஆண்டுகளில், செபாஸ்டியன் டிசூசா போன்ற கோவா இசைஞர்களே மேற்கத்திய இசைக்குறிப்பில் பின்னணி இசையைத் தொகுத்து எழுதினர். இசைக்கோவையில் இலக்கணம் தவறாத அச்சமூகத்தின் கைத்திறன் படத்தின் ஒவ்வொரு நிமிடத்திலும் ஒலித்தது. திரையில் நின்ற அச்சமூகத்தவனோ ஈஸ்டர் முட்டையிலிருந்து வெளிவந்து பொருளற்ற ஆங்கிலத்தை அடுக்கிச் சிரிப்பு மூட்டினான்.

இப்படத்தின் மூன்று சகோதரரையும் பேச்சால் ஒப்பிடலாம். அக்பர் கவாலிப் பாடகன், அந்தோனி கள்ளச்சாராய வணிகன். இருவருக்கும் குறியிடப்பட்ட பேச்சுண்டு. காவல் அதிகாரியான அமரின் பேச்சு எதையும் குறிப்பதில்லை. குறியற்றது பொது, குறியுள்ளது சமூகம் என்ற இலக்கணம் இது. மூவரின் குருதியும் ஒரே தாய்க்கு ஏறுகிறது; மூவரின் மொழியும் ஒரே தளத்தில் வைக்கப்படவில்லை.

எல்லாரையும்தானே கேலி செய்கிறார்கள்?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இந்தித் திரை பீகாரியையும் பஞ்சாபியையும் குஜராத்தியையும்கூடப் பேச்சால் கேலி செய்துள்ளது. சிறுபான்மையரை மட்டும் தனித்துப் பார்ப்பது ஏன்? மறுப்பில் உண்மை உண்டு. 'படோசன்' (1968) படத்தில் மெஹ்மூத் ஏற்ற தமிழ் இசையாசிரியர் வேடத்தை நினைத்தால் தமிழர் எவருக்கும் அது விளங்கும். இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்து மூன்றே ஆண்டுகளில் வந்த அப்படத்தில், முறையாக இசை கற்ற தமிழர் தம் ஒலிப்பாலேயே நகைப்புக்குரியவராகிறார்.

ஆனால் இரு கேலிகளின் விளைவும் ஒன்றல்ல. தமிழருக்குத் தம் மொழியில் ஒரு திரையுலகம் இருந்தது. அங்கே அவரது பேச்சு குறியற்ற பொதுப்பேச்சு. கோவாக் கத்தோலிக்கருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் அந்த அளவில் மறுமொழி சொல்லும் திரை இல்லை. வார்ப்புருவின் கொடுமையை அதன் கேலியின் அளவைக் கொண்டு மட்டும் அளத்தல் ஆகாது. அதற்கு எதிராக வைக்க வேறு பிம்பங்கள் உண்டா என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும். காயத்ரி ஸ்பிவாக் 1988இல் எழுப்பிய விளிம்புநிலையர் பேச முடியுமா என்ற வினாவின் அழுத்தம், பேசினால் கேட்கும் அமைப்பு உண்டா என்பதில்தான் இருக்கிறது.

மேலும், இந்த அளவுகோலைத் தமிழ்த் திரை தன் மீதே திருப்பிப் பார்க்க வேண்டும். தமிழ் முஸ்லிம்களின் தாய்மொழி தமிழ். நமாஸ், ரோசா, மசூதி என்று பிற இடங்களில் வழங்குபவை அவர்களிடம் தொழுகை, நோன்பு, பள்ளிவாசல். சீறாப்புராணம் பிறந்த மரபு அது. எனினும் தமிழ்ப்படத்தின் நகைச்சுவைக் காட்சிகளில் முஸ்லிம் பாத்திரம் 'நம்பள்', 'நிம்பள்' என்று உடைந்த தமிழ் பேசுவது நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. உருதுவைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு பகுதியினரின் ஒலிப்பைக்கூட அது உண்மையாகப் பதிவுசெய்யவில்லை. நூற்றாண்டுகளாகத் தமிழ் பேசிய பெரும்பான்மை முஸ்லிம்களையோ அது முற்றாக அழித்தது. வடக்கில் வகுக்கப்பட்ட மொழி–மதச் சமன்பாடு, அது பொருந்தவே பொருந்தாத ஒரு நிலத்தில் மறுபடி வரையப்பட்டது. இர்வைனும் காலும் சொன்ன இரண்டாவது செயல்முறைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

கேட்டலின் முறையியல்

பின்காலனியக் கோட்பாட்டை இத்துறையில் கையாளும்போது ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. செய்தின் சட்டகத்தில் சித்திரிப்பவர் அயலார். இங்கே அயலார் சென்றபின் அவர்கள் வகுத்த கட்டங்களைத் தேசத்தின் பெரும்பான்மை தன் பொதுப்புத்தியாக ஏற்றது. சிறுபான்மை என்பது எண்ணிக்கையால் இயல்பாக அமைந்த ஒன்றன்று, தேசம் உருவாகும்போது உருவாக்கப்படும் நிலை என்று ஆமிர் முஃப்தி தம் 2007ஆம் ஆண்டு நூலில் வாதிடுவது இவ்விடத்தில் துணைசெய்கிறது. உருது சிறுபான்மை மொழியாகப் பிறக்கவில்லை, ஆக்கப்பட்டது. அந்த ஆக்கத்தில் திரைக்கும் பங்குண்டு.

இதனை ஆராய முற்படும் மாணவர் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு சில எளிய வினாக்களைத் தொடுக்கலாம். எந்தப் பாத்திரத்தின் பேச்சுக்குக் குறி இருக்கிறது, எதற்கு இல்லை? சிறுபான்மைப் பாத்திரம் தன் வீட்டாரோடு தனித்திருக்கும் காட்சியிலும் அதே உடைந்த மொழியைப் பேசுகிறதா? பேசினால், அந்தப் பேச்சு அப்பாத்திரத்துக்கு உரியதன்று, அதைக் கேட்டுச் சிரிக்கும் அவைக்கு உரியது. வசனத்தை எழுதியவர் யார்? ஒரு சொல் 1950களில் யார் யார் வாயில் வந்தது, 1990களில் யார் வாயில் மட்டும் எஞ்சியது? இவ்வினாக்களுக்கு விடைகாணப் பெரிய கருவிகள் தேவையில்லை. பொறுமையான செவி போதும்.

சயீத் அக்தர் மிர்சாவின் 'நசீம்' (1995) இந்த வரலாற்றைத் தன் போக்கில் தொகுத்துவைத்திருக்கிறது. படத்தின் கதை 1992 ஜூன் முதல் டிசம்பர் வரை பம்பாயில் நிகழ்கிறது. படுக்கையில் கிடக்கும் ஒரு தாத்தா, பள்ளி செல்லும் தம் பேத்தியிடம் பழைய ஆக்ராவைப் பற்றிப் பேசிக்கொண்டேயிருக்கிறார். அவர் பேசும் உருதுவில் அரண்மனை இல்லை, ஆயுதமும் இல்லை. நினைவும் கிண்டலும் மட்டுமே உண்டு. அடுத்த அறையில் தொலைக்காட்சி அயோத்திச் செய்திகளை வாசித்துக்கொண்டிருக்கிறது. டிசம்பர் 6 அன்று தாத்தா இறக்கிறார். அந்த வேடத்தை ஏற்றவர், 'கர்ம் ஹவா'வின் சலீம் மிர்சாவுக்குச் சொல் தந்த கைஃபி ஆஸ்மி. ஆக்ராவை விட்டுப் போக மறுத்த ஒரு குரலை எழுதியவர், இருபதாண்டுகள் கழித்து அதே ஊரின் நினைவைத் தம் சொந்தக் குரலில் ஒரு சிறுமிக்குக் கையளித்தார். அந்தச் சிறுமி அதைச் சிரித்துக்கொண்டே கேட்கிறாள். அவள் காதுக்கு அது எந்த அடையாளமும் அன்று, தாத்தாவின் பேச்சு.